முதலில் போட்ட பட்டூரா

கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பகல் ஒன்றரை மணிக்கு, யசோதரன் நயினார் வாயைத் திறந்து மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்.

"சாயங்காலத்துச் சாப்பாட்டை அவளையே பண்ணச் சொல்லு."

மனைவி சாந்திமதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறு வருடம் ஆகிறது, அந்த மனுஷன் வாயிலிருந்து மகள் பேச்சு வந்து. இன்றைக்கும் பெயரைச் சொல்லவில்லைதான். "பத்மப்ரியா" என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஆள், இப்போது "அவள்" என்றார். அதுவே எவ்வளவு பெரிய விஷயம் என்று, ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாடிய சாந்திமதியைக் கேட்டால் தெரியும்.

யசோதரன் கத்துகிற ரகம் இல்லை. கத்தினாலாவது கத்தி முடித்ததும் ஓய்ந்துபோகும். இவர் பேச்சை நிறுத்திவிடுவார். வல்லம் பக்கத்தில் நிலம், திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டி, மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் சொந்த வீடு என்று வாழ்ந்த சமண நயினார் குடும்பம். ஒரே மகள். அவள் இஞ்சினியரிங் படிக்கப்போன இடத்தில் கோலியனூர்ப் பையன் ஆரோக்கியராஜைப் பார்த்தாள். அவன் வேதக்காரன், கிறிஸ்தவன். அப்பா இருந்தவரை கூலிக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போனவர், அம்மா சவுரியம்மாள் இன்னமும் போகிறவள். இரண்டு பேரும் டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் வேலை கிடைத்துப் போனார்கள், அங்கேயே ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். ஜாதி, மதம், சாப்பாடு என்று மூன்றும் ஒரே நாளில் தலையில் விழுந்தால் யசோதரன் என்ன செய்வார். குளித்துவிட்டு ஜினாலயத்துக்குப் போனார். போய்ப் பூரியை விட்டுவிட்டு வந்தார்.

நயினார் வீடுகளில் இது உண்டு. மனசுக்குப் பிடித்த பதார்த்தம் ஒன்றை, இனி தொடுவதில்லை என்று கோயிலில் நின்று விட்டுவிடுவார்கள். ஒருத்தர் வெல்லத்தை விடுவார், இன்னொருத்தர் நெய்யை விடுவார். யசோதரனுக்குப் பூரி என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு பூரியை அசராமல் தின்றுவிட்டு மண்டிக்குப் போகிற ஆள். அதைப்போய் விட்டார். எத்தனை நாளைக்கு என்று சாந்திமதி கேட்டாள். கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, இது சாகிற வரைக்கும்தான் போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவர்தான் இன்றைக்கு, சாப்பிட்ட கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, அடுத்த குண்டையும் போட்டார்.

"டெல்லியில இன்னாமோ பெரிய பூரி சுடுவாளாமே. போன்ல சொல்லிக்கினு இருந்தாளே. அதையே பண்ணட்டும்."

மகள் போன் பண்ணும்போதெல்லாம் சாந்திமதி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அவர் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆறு வருடமாக ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் என்ன பேப்பர் படித்தாராம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது இப்போது தெரிந்ததும் சாந்திமதிக்குச் சிரிப்பும் வந்தது, பிடித்து ஓர் உலுக்கு உலுக்கலாமா என்று கோபமும் வந்தது.

பத்மப்ரியா அன்று மதியம்தான் வந்திருந்தாள். அவளும் புருஷனும் கனடாவுக்குப் போகிறார்கள். ராத்திரி சென்னையிலிருந்து விமானம். ஆரோக்கியராஜ் கோலியனூரில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, ஆறு மணிக்குக் காரோடு திண்டிவனம் வந்து அவளை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. வாசலுக்கு வரமாட்டேன், தெருமுனையில் நிற்கிறேன் என்று அவனே சொல்லிவிட்டானாம். இவள் மட்டும் ஒரு பையோடு வந்து இறங்கி, அப்பா எதிரில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தாள். அவர் பேப்பரை இறக்கவில்லை. சமையலறைக்கு வந்து, "பரவால்லமா, பாத்துட்டேன் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பாத்திரத்தை அப்படியே போடச் சொல்லி, சாந்திமதி விஷயத்தைச் சொன்னாள்.

பத்மப்ரியா முதலில் நம்பவில்லை. "நீயா எதுனா கேட்டியா?"

"நான் எங்கடி கேட்டேன். அவரா சொன்னாரு. உன் கையால வேணுமாம். அந்தச் சோளா பூரி."

"பட்டூராவா?"

"அதான். ஆறு வருஷமா பூரியைத் தொடாத மனுஷன்டி. நீ கல்யாணம் கட்டிக்கினு பூட்ட அன்னிக்கி விட்டது." அதுவரை மகளுக்கு இந்த விஷயத்தை அவள் சொன்னதே இல்லை. இன்றைக்கு அடக்க முடியாமல் கொட்டிவிட்டாள்.

பத்மப்ரியா அடுப்பு மேடைக்குக் கீழே வெறும் தரையில் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "மைதா இருக்குதா?" என்று கேட்டாள்.

இல்லை. சாந்திமதியே துரைக்கண்ணு கடைக்கு ஓடிப்போய் ஒரு கிலோ வாங்கி வந்தாள். அறுபது வயதில் முட்டி வலிக்காரி ஓடுகிற ஓட்டமா அது. துரைக்கண்ணு, "இன்னா ஆத்தா, விசேஷமா?" என்று கேட்டார். "ஆமா, பொண்ணு வந்திருக்குது" என்று அவள் சொன்னது அந்தக் கடைக்கே கேட்டிருக்கும்.

மாவு பிசைவதற்குள் ஆயிரம் விதி. நொய்டாவில் கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் பத்மப்ரியா கற்றது, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிற மாவு. அது இந்த வீட்டில் நடக்காது. புளித்ததில் உயிர் இருக்கிறது என்று அவர் தொடமாட்டார். அதனால் தயிர், சோடா உப்பு, ஒரு பிடி ரவை, கொஞ்சம் சர்க்கரை. தயிரும் அன்று காலையில் உறைந்ததாக இருக்கவேண்டும். தண்ணீர் துணியில் வடித்ததாக இருக்கவேண்டும். தொட்டுக்கொள்ளக் கொண்டைக்கடலை வைக்கலாம் என்றால், தயிரோடு பயறு கலந்தால் அதிலும் உயிர் உண்டாகும், அதனால் தயிர் சேர்ந்த மாவோடு கடலை சேராது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு அந்த வாசற்படியே ஏறாது. கடைசியில் பரங்கிக்காய்ப் பொரியல், இஞ்சிக்குப் பதில் சுக்கு தட்டிப் போட்டு. பத்மப்ரியா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். டெல்லியில் புருஷனுக்கு எதையெதையோ சமைத்துப் போடுகிறவள், இந்த வீட்டு விதி எதையும் மறக்கவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் அடுப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. யசோதரன் கடிகாரத்தைக்கூட நம்பமாட்டார். ஜன்னலுக்கு நேரே உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். ரேகை தெரிந்தால் சாப்பிடுவார், தெரியாவிட்டால் எழுந்துவிடுவார். கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான், காய்ச்சலில் படுத்தாலும் அப்படித்தான். கார்த்திகை மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் ரேகை போய்விடும்.

இரண்டேகாலுக்கு மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினாள் பத்மப்ரியா. "ரெண்டு மணி நேரம் ஊறணும்மா. நாலேகாலுக்குப் போட ஆரம்பிச்சா சரியா இருக்கும்" என்றாள்.

அந்த இரண்டு மணி நேரம் சாந்திமதியின் வாழ்க்கையிலேயே நல்ல நேரம் என்று சொல்லலாம். மகள் பரங்கிக்காய் நறுக்கினாள், இவள் சுக்கு தட்டினாள். கனடாவில் எந்த மாதம் பனி கொட்டும், அங்கே நயினார் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா, அவன் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறானா என்று கேட்டுக் கொண்டே இருந்தாள். "வூட்ல கறி ஆக்கறது நிறுத்தி அஞ்சு வருஷம் ஆச்சும்மா. நான் சொல்லலை, அவரே நிறுத்திக்கினாரு" என்றாள் பத்மப்ரியா. கூடத்தில் பேப்பர் சரசரக்கிற சத்தமே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. சாந்திமதி வேண்டுமென்றே இரண்டாம் தடவையும் கேட்டு, மகளைச் சத்தமாகப் பதில் சொல்லவைத்தாள்.

நாலேகாலுக்குப் பத்மப்ரியா துணியை எடுத்தாள். சாந்திமதி விரலால் மாவை அழுத்திப் பார்த்தாள்.

"இன்னும் கெட்டியா இருக்குதுடி. பனி நாளு. இன்னும் கொஞ்சம் ஊறட்டும்."

"இதுவே போதும்மா."

"சொன்னா கேளு. டெல்லி மாவு இல்ல இது. முக்கா மணி விட்டா பஞ்சா வந்துடும்."

முப்பத்தாறு வருடம் இந்த வீட்டுச் சமையலறையை ஆண்டவள் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது. பத்மப்ரியா திரும்பவும் மூடினாள்.

ஐந்து மணிக்கு வாணலியில் எண்ணெய் ஊற்றினார்கள். சொந்த மல்லாட்டையை ஆட்டின எண்ணெய். காய்ந்ததும் வீடெல்லாம் அந்த வாசனை. ஐந்து பத்துக்கு முதல் பட்டூரா எண்ணெயில் விழுந்தது. பத்மப்ரியா ஜல்லிக் கரண்டியால் மெல்ல அமுக்கினாள். ஓரத்தில் இரண்டு கொப்புளம் கிளம்பி, அப்படியே அமுங்கிப்போனது. பொன்னிறமாகத்தான் வெந்தது, ஆனால் சப்பை.

"முதல் ஒன்னு எப்பவும் அப்படித்தான். எண்ணெய் இன்னும் காயணும்" என்றாள் பத்மப்ரியா. "வாசனை நல்லா இருக்குது இல்ல. இதையே முதல்ல கொண்டுபோய் வச்சிடறேன். அவரு சாப்பிட ஆரம்பிக்கட்டும், நான் சுடச் சுடப் போட்டுக்கினே இருக்கேன்."

தட்டை எடுத்த கையை சாந்திமதி பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி."

கல்யாணமான புதிதில், அவளுக்கு இருபத்து நாலு வயதில், உப்பாத பூரி ஒன்றை அவர் தட்டில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஒரு சொல் கிடையாது. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுத அழுகையில், இனிமேல் சப்பையாகப் போன பூரி எதுவும் இந்த ஆள் தட்டுக்குப் போகாது என்று முடிவு பண்ணினாள். போகவும் இல்லை. உப்பினது அவருக்கு, உப்பாதது அவளுக்கு. மகள் பிறந்த பிறகு உப்பினது அவர்கள் இரண்டு பேருக்கும், உப்பாதது இவளுக்கு. அது அவளுக்குப் பெருமையாகக்கூட ஆகிவிட்டிருந்தது.

"ஆறு வருஷம் கழிச்சு வைக்கிற தட்டு. அதுல சப்பையா வைப்ப? அவரு சுபாவம் உனக்குத் தெரியாது. முகத்தைச் சுளிச்சிட்டு எழுந்தாருன்னா, அப்புறம் எதை வச்சும் கூட்டியாற முடியாது. நல்லா புஸ்ஸுனு ஒன்னு வரட்டும், அதைக் கொண்டுபோய் வைப்போம்."

பத்மப்ரியா தயங்கினாள். பிறகு, அம்மாவுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பாள் பாவம், தட்டை வைத்துவிட்டாள்.

இரண்டாவதை இழைத்தபோது, ஒட்டுகிறது என்று சாந்திமதி வறண்ட மாவைத் தூவினாள். சப்பாத்திக்குத் தூவுகிற பழக்கம். "மாவு தூவக் கூடாதும்மா, எண்ணெய் தொட்டுத்தான் இழைக்கணும்" என்று மகள் சொல்வதற்குள் தூவியாகிவிட்டது. அது எண்ணெயில் போய் ஓர் ஓட்டை விழுந்து, புஸ்ஸென்று காற்று போய்க் கிடந்தது. மூன்றாவது ஒரு பக்கம் மட்டும் வீங்கி, மறு பக்கம் அப்பளம் மாதிரி விறைத்தது. கூடத்தில் அவர் ஒரு தரம் செருமினார்.

"கேட்டியா. இலை முன்னால உட்கார்ந்துட்டாரு" என்றாள் சாந்திமதி. "அந்த மாவை இன்னொரு தரம் எண்ணெய் விட்டு நல்லா அடிச்சுப் பிசை. பத்து நிமிஷம் மூடி வை. வந்துடும்."

"டைம் ஆவுதும்மா. நான் வேணும்னா இதுல நல்லதாப் பாத்து ஒன்னு எடுத்துக்கினு போறேனே."

"போடி, வெளிச்சம் இருக்குது. ஜல்தியா பிசை நீ."

வெளிச்சம் இருந்ததுதான். கொல்லைப்பக்க ஜன்னலில் முருங்கை மரத்தின் உச்சி மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. இவள் அதைப் பார்க்கவில்லை, வாணலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவதும் ஐந்தாவதும் சப்பை. பத்மப்ரியா அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். பலகையில் எண்ணெய் தடவி, தன் வழக்கப்படி முட்டை வடிவத்தில் இழைத்து, எண்ணெய் புகைகிற வரை காத்திருந்து போட்டாள்.

ஆறாவது உப்பியது. வாணலி நிறைய, பலூன் மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல். சாந்திமதிக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. பார்த்தாயா, சொன்னேனா இல்லையா என்று மகள் தோளைத் தட்டினாள். பத்மப்ரியா அதைத் தட்டில் ஏந்தி, ஓரத்தில் பரங்கிக்காயை வைத்து, காற்று இறங்குவதற்குள் வேகமாகக் கூடத்துக்குப் போனாள். சாந்திமதி பின்னாலேயே போனாள்.

யசோதரன் காலி வாழையிலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். குளித்து வேறு வேட்டி கட்டியிருந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துத் தயாராக இருந்தது. வலது கையை விரித்து ஜன்னல் பக்கம் நீட்டி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பத்மப்ரியா தட்டோடு நின்றாள்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். பட்டூராவைப் பார்த்தார். மகளை நிமிர்ந்து பார்த்தார், ஆறு வருடத்துக்குப் பிறகு.

"பொழுது பூட்டுதும்மா" என்றார்.

எழுந்து, இலையை மடித்து, தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. ஆனால் விளக்கும் போடவில்லை.

தட்டிலிருந்தது மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு ஆரோக்கியராஜின் கார் தெருமுனைக்கு வந்து, போன் அடித்தது. சாந்திமதி ஆறு பட்டூராவையும் பொரியலையும் ஒரு டப்பாவில் போட்டு மகள் பையில் வைத்தாள். "வழியில சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்றாள். பத்மப்ரியா அறை வாசலில் நின்று, "போய்ட்டு வர்றேன்ப்பா" என்றாள். உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. தெருமுனை வரைக்கும் சாந்திமதி கூட நடந்தாள். ஆரோக்கியராஜ் காரைவிட்டு இறங்கிக் கும்பிட்டான். பத்மப்ரியா அம்மாவைக் கட்டிக்கொண்டு, "வுடும்மா. அவரு மனசு ஒப்பலை, அவ்ளோதான்" என்றாள். கார் போய்விட்டது.

சாந்திமதி வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, வயிறு எரிந்துபோய் வந்தாள். முப்பத்தாறு வருடத்தில் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், இருட்டறைக்குள் போய் நின்று அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"பெத்த பொண்ணு. இனிமே எந்த வருஷம் வரப்போறாளோ. ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, ரெண்டு நிமிஷம் முன்ன பின்ன ஆனா இன்னாங்க கொறைஞ்சு பூடும்? சாமி வந்து கண்ணைக் குத்துமா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் கொட்டி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "முதல் ஒன்னு எப்பப் போட்டீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு பத்துக்கு."

"வாசனை வந்துது. அப்பவே இலையைப் போட்டு உட்கார்ந்துட்டேன். அரை மணி நேரமா உட்கார்ந்துகினு இருக்கேன். ஏன் கொண்டாரல?"

"அது உப்பலைங்க. அஞ்சும் உப்பல. சப்பையா பூட்டுது."

"அதனால?"

சாந்திமதிக்கு என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை. "அதனால... சப்பையா எப்படி உங்க இலையில வைக்கறது?"

"சாந்தி," என்றார் யசோதரன். அவர் குரல் உடைந்து அவள் கேட்டதில்லை. "அவ பண்ணதுதானே. சப்பையா இருந்தா இன்னா."

சாந்திமதிக்கு, மகள் தட்டை எடுத்ததும் தான் கையைப் பிடித்ததும் கண்ணுக்கு முன்னால் நின்றன. என்ன காரியம் பண்ணிவிட்டேன், என் கையாலேயே பண்ணிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. போனைத் தேடி எடுத்தாள். கார் செங்கல்பட்டுகூடத் தாண்டியிருக்காது.

"வேணாம்" என்றார் அவர். "நடுவழியில சொல்லி அழ வுடாத. போன்ல சொல்ற விஷயமா இது. திரும்பி வருவா இல்ல, அப்ப சாப்பிட்டுக்கறேன். நானே சொல்லிக்கறேன் அவகிட்ட." பிறகு, "ரெண்டு பேரும் வரட்டும்" என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். சாந்திமதி போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு வாரா வாரம் கனடாவிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போடுவாள். அவர் இப்போது பேப்பரை எடுப்பதில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். பேசு என்று இவள் ஜாடை காட்டுவாள். நேரில், நேரில் என்று அவர் கையை ஆட்டுவார். தை மாதத்தில் பத்மப்ரியா முழுகாமல் இருக்கிறாள், குழந்தையோடு அடுத்த கார்த்திகைக்கு வருவார்கள் என்று செய்தி வந்தது. அவர் எழுந்துபோய், அடுத்த கார்த்திகைக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். சாந்திமதி பலமுறை மகளிடம் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவரே சொல்லப்போகிற சந்தோஷத்தைத் தான் ஏன் பிடுங்கவேண்டும் என்று விட்டுவிட்டாள். இப்படி நல்லதை நினைத்துத்தான் மனுஷர்கள் நாசமாகப் போகிறார்கள் போலிருக்கிறது.

சித்திரை மாதம், ஒரு காலை நேரத்தில், மண்டியில் மூட்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பத்மப்ரியாவுக்கு அப்போது ஏழாவது மாதம். ரத்தக்கொதிப்பு இருக்கிறது, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காடு வரைக்கும் எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தாள். கோலியனூரிலிருந்து சவுரியம்மாள் வந்து மூன்று நாள் கூட இருந்தாள்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, பத்மப்ரியா வீடியோவில் வந்தாள். முகம் உப்பி, கண் சிவந்து, அடையாளமே தெரியவில்லை. யார் யார் வந்தார்கள், என்ன பண்ணினார்கள் என்று கேட்டாள்.

"அம்மா, ஒன்னு கேக்கறேன். உண்மையைச் சொல்லு."

"கேளுடி."

"அன்னிக்கி அவரு வேணும்னுதானே பொழுது சாயற வரைக்கும் உட்கார்ந்துகினு இருந்தாரு? பண்ணச் சொல்லிட்டாரு, அப்புறம் மனசு வரலை. என் கையால சாப்பிடக் கூடாதுன்னுதானே? பரவால்லமா, எனக்குக் கோவம் இல்ல. தெரிஞ்சா போதும். அஞ்சு மாசமா இதே நெனப்பு, தூக்கமே வரமாட்டேங்குது."

சாந்திமதி வாயைத் திறந்தாள். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் பழி செத்தவர் தலையோடு போயிருக்கும், அவளும் தப்பித்திருப்பாள். ஒரு கணம் நாக்கு நுனி வரைக்கும் வந்ததும் உண்மை. ஆனால் அந்த மனுஷன் மீது அப்படி ஒரு பழியைப் போட அவளால் முடியவில்லை.

சொன்னாள். வாசனை வந்ததுமே இலையைப் போட்டு உட்கார்ந்ததைச் சொன்னாள். அரை மணி நேரம் காத்திருந்ததைச் சொன்னாள். சப்பையா இருந்தா இன்னா, அவ பண்ணதுதானே என்று அவர் சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே சொன்னாள். ரெண்டு பேரும் வரட்டும் என்றதையும் சொன்னாள்.

போன் அறுந்துவிட்டதோ என்று சாந்திமதி திரையைத் தட்டிப் பார்த்தாள். அறுந்துபோகவில்லை. மகள் அங்கேதான் இருந்தாள்.

"நான் கேட்டேனேம்மா" என்றாள் கடைசியில். "முதல் ஒன்னையே வைக்கிறேன்னு நான் கேட்டேனே."

"கேட்டடி. நான்தான் வுடல."

பத்மப்ரியா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது மட்டும் திரையில் தெரிந்தது.

"ஏதாச்சும் திட்டுடி" என்றாள் சாந்திமதி. "திட்டிடு என்னை."

அவள் திட்டவில்லை.